ஊதாப் புகை விட்ட வண்டில் ஆரம்பித்த கதை... குளூட்டாதயோனுக்குப் பெயர் வைத்த ஹாப்கின்ஸைத் தெரியுமா?

ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போனால் நாலாவதோ ஐந்தாவதோ அந்த விளம்பரம் கட்டாயம் வந்துவிடும். குளூட்டாதயோன் மாத்திரை, குளூட்டா டிரிப், தண்ணீரில் போட்டால் நுரைக்கிற ஆரஞ்சு ஃப்ளேவர் வில்லை... ஒரே மாதத்தில் கலராகிவிடலாம் என்று ஒருத்தர் சிரித்துக்கொண்டே சொல்வார். கல்யாணத்துக்கு நாள் குறித்திருக்கும் தோழி யாராவது, இதைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டு உங்களுக்கே அந்த லிங்க்கை அனுப்பியிருக்கலாம்.

அந்த லிங்க்கை இப்போதைக்கு அப்படியே வையுங்கள். அதற்குக் கடைசியில் வருவோம். அதற்கு முன்னால், குளூட்டாதயோன் என்று அந்தப் பொருளுக்குப் பெயர் வைத்த மனிதரைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஃபிரடெரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ். வைட்டமினுக்காக நோபல் பரிசு வாங்கியவர் என்று பாடப் புத்தகங்கள் ஒரு வரியில் முடித்துவிடும். ஆள் அந்த ஒரு வரியைவிட ரொம்பவே சுவாரஸ்யமானவர்.

1861 ஜூன் 20 அன்று இங்கிலாந்தில் ஈஸ்ட்போர்ன் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். அப்பா லண்டனில் புத்தகக் கடை வைத்திருந்தவர். ஹாப்கின்ஸ் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா மகனுக்கு ஒரு மைக்ரோஸ்கோப் கொடுத்தார். பையன் கடற்கரையில் கிடைத்ததையெல்லாம் எடுத்துவந்து அதன் அடியில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தான். பிறகு குடும்பம் லண்டன் பக்கம் போனது. அங்கே நல்ல பள்ளிக்கூடம்தான். ஆனால், வகுப்பு போரடிக்கவே பையன் கட் அடிக்க ஆரம்பித்தான். ஒருநாள், ரெண்டு நாள் இல்லை, தொடர்ந்து பல நாள். மாட்டிக்கொண்டதும் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். 17 வயதோடு படிப்பு முடிந்தது. பெரியவர்கள் பார்த்து ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் அந்த வண்டு வருகிறது.

பாம்பார்டியர் வண்டு என்று ஒன்று உண்டு. யாராவது சீண்டினால் பின்பக்கத்திலிருந்து டப்பென்ற சத்தத்தோடு ஒரு புகையைப் பீய்ச்சும். ஊதா நிறப் புகை. அது என்ன என்று மண்டையைக் குடைந்துகொண்ட ஹாப்கின்ஸ், 1878-ல் 'தி என்டமாலஜிஸ்ட்' என்ற பூச்சியியல் இதழுக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். அச்சிலும் வந்துவிட்டது. அந்த நிமிஷமே மனசளவில் தான் ஒரு உயிர்வேதியியலாளன் ஆகிவிட்டதாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டார். அப்போது அப்படி ஒரு படிப்பே கிடையாது என்பது வேறு விஷயம்.

அந்தப் புகைக்குள் என்ன இருக்கிறது என்பது 1960-களில்தான் தெளிவானது. வண்டின் வயிற்றில் ரெண்டு அறைகள். ஒன்றில் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஹைட்ரோகுயினோனும். இன்னொன்றில் கேட்டலேஸ், பெராக்சிடேஸ் என்ற நொதிகள். ரெண்டும் கலந்ததும் கொதிநிலைக்குச் சூடேறி, குயினோன் என்ற எரிச்சலூட்டும் பொருள் வெளியே சீறுகிறது. குயினோன் என்பது கார்போனில் வகையைச் சேர்ந்தது. கேட்டலேஸ் நம் உடம்பிலும் இருக்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் நொதி. ஹாப்கின்ஸின் வாழ்க்கை முழுக்க எந்தக் கெமிஸ்ட்ரியைச் சுற்றிவந்ததோ, அது மொத்தமும் அந்தக் குட்டி வண்டின் பின்பக்கத்தில் இருந்திருக்கிறது!

கார்போனில் என்றதும் பயந்துவிடாதீர்கள். ஒரு கார்பன் அணுவும் ஒரு ஆக்சிஜன் அணுவும் இரட்டைப் பிணைப்பில் கைகோத்திருக்கும் அமைப்பு, அவ்வளவுதான். எல்லா கார்போனிலும் அடாவடி செய்யாது. ஆல்டிஹைடு மாதிரியான சில வகைகள்தான் சும்மா இருக்காமல் பக்கத்தில் இருக்கிற புரதத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்து புகையும்போது கண் எரிகிறதே, அதில் அக்ரோலின் இருக்கிறது. சிகரெட் புகையிலும் அதே அக்ரோலின். மது குடித்தால் கல்லீரலில் உருவாவது அசிட்டால்டிஹைடு. எதையும் செய்யாமல் சமர்த்தாக இருந்தாலும் தப்பிக்க முடியாது. சர்க்கரையை எரிக்கும்போது நம் செல்களே மீத்தைல்கிளையாக்ஸால் என்ற ஒன்றைக் கொஞ்சம் தயாரித்துவிடும். வீட்டில் அப்பா, அம்மாவுக்கு மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட் எடுக்கிறீர்கள் இல்லையா? அதில் அளக்கப்படுவதும் இதே பிடித்துக்கொள்ளும் வேலைதான். சர்க்கரையின் ஆல்டிஹைடு முனை ரத்தத்தின் ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொண்டது எவ்வளவு என்று பார்க்கிறார்கள்.

சரி, நம்ம ஆளுக்கு வருவோம்.

இன்ஷூரன்ஸ் வேலை ஆறு மாசம்கூடத் தாண்டவில்லை. ஒரு கெமிக்கல் ஆய்வாளரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். தேர்வில் நல்ல மார்க் வாங்கியதைப் பார்த்து, கைஸ் மருத்துவமனையில் இருந்த தாமஸ் ஸ்டீவன்சன் தன் உதவியாளராக எடுத்துக்கொண்டார். ஸ்டீவன்சன், பிரிட்டிஷ் உள்துறைக்கு விஷங்களைப் பரிசோதித்துச் சொல்லும் நிபுணர். அந்தக் காலத்து லண்டனைக் கலக்கிய விஷக் கொலை வழக்குகளில் இறந்தவரின் வயிற்றில் என்ன இருந்தது என்று சோதித்த மேஜையில் ஹாப்கின்ஸும் நின்றார். அளவில் ஒரு துளி தவறினாலும் ஒருவர் தூக்குமேடைக்குப் போய்விடக்கூடிய வேலை. இத்தனை துல்லியம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நான் இந்த வருஷங்களைத்தான் கைகாட்டுவேன்.

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 27. முடித்தபோது 33. கூடப் படித்தவர்களெல்லாம் செட்டில் ஆகிவிட்டார்கள் என்று புலம்புகிற வயது. இவரோ நடுநடுவே வண்ணத்துப்பூச்சி இறக்கையின் நிறம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். 1898-ல் கேம்பிரிட்ஜிலிருந்து அழைப்பு வந்தது. அதே வருஷம் ஜெஸ்ஸி ஆன் ஸ்டீவன்ஸுடன் கல்யாணம். கேம்பிரிட்ஜ் கொடுத்த சம்பளம் வருஷத்துக்கு 200 பவுண்டு. குடும்பம் நடத்தப் போதாமல், கல்லூரி மாணவர்களுக்குத் தனியாகப் பாடம் எடுத்துச் சமாளித்தார்.

அங்கே ஒரு லேப் வகுப்பில் சின்ன சொதப்பல் நடந்தது. புரதத்தில் அசிட்டிக் அமிலமும் அடர் சல்ஃபியூரிக் அமிலமும் ஊற்றினால் ஊதா நிறம் வர வேண்டும். மாணவர்கள் வழக்கமாகச் செய்கிற சோதனை. ஒரு மாணவருக்கு மட்டும் நிறம் வரவில்லை. நம் ஊர் லேப் என்றால், பக்கத்து டேபிள் ரீடிங்கைப் பார்த்து எழுதிக்கொண்டு கிளம்பியிருப்போம். ஹாப்கின்ஸ் விடவில்லை. அந்த பாட்டில் அசிட்டிக் அமிலம் ரொம்ப சுத்தமாக இருந்ததுதான் பிரச்னை என்று கண்டுபிடித்தார். மற்ற பாட்டில்களில் கிளையாக்ஸாலிக் அமிலம் என்ற அழுக்கு கொஞ்சம் கலந்திருந்தது. ஊதா நிறத்தைக் கொடுத்தது அந்த அழுக்குதான்.

கிளையாக்ஸாலிக் அமிலத்தில் ஒரு ஆல்டிஹைடு முனை உண்டு. அதாவது, மறுபடியும் கார்போனில். அது புரதத்தில் யாரையோ பிடித்துக்கொள்வதால்தான் நிறம் வருகிறது. யாரை? அந்தக் கேள்வியோடு சிட்னி கோல் என்பவரைச் சேர்த்துக்கொண்டு தேடி, 1901-ல் ட்ரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைத் தனியே பிரித்தெடுத்தார். நம் உடம்பால் தயாரிக்க முடியாத, சாப்பாட்டிலிருந்தே கிடைத்தாக வேண்டிய அமினோ அமிலம் அது. முதலில் வண்டின் ஊதா, இப்போது டெஸ்ட் டியூப்பின் ஊதா. அந்த நிறத்துக்கும் அவருக்கும் என்ன ராசியோ!

பகலில் வகுப்பு, அப்புறம் தனிப்பாடம், மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி. பத்து வருஷத்துக்கும் மேல் இப்படியே ஓடியவருக்கு 1910-ல் உடம்பு படுத்தேவிட்டது. இன்று நாம் பர்ன்அவுட் என்கிறோமே, அதேதான். அவர் தேறி எழுந்தபோது டிரினிட்டி கல்லூரி நல்ல காரியம் ஒன்றைச் செய்தது. பாடம் எடுக்கும் சுமை இல்லாமல் ஆராய்ச்சி மட்டும் செய்யும்படி ஒரு பதவி கொடுத்தது. ரெண்டே வருஷத்தில், 1912-ல், அந்தப் புகழ்பெற்ற எலிச் சோதனை வெளியானது. புரதம், மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு, தாது உப்புகள் எல்லாவற்றையும் சுத்திகரித்துக் கொடுத்தால் குட்டி எலிகள் வளரவில்லை. அதே சாப்பாட்டோடு தினம் 3 மில்லி பால் கொடுத்தால் கிடுகிடுவென்று வளர்ந்தன. ஒரு ஸ்பூன்கூட இல்லாத அந்தப் பாலில் இருந்ததைத்தான் பிறகு உலகம் வைட்டமின் என்று அழைத்தது. 1929-ல் இதற்காகத்தான் நெதர்லாந்தின் எய்க்மனோடு சேர்த்து அவருக்கு நோபல் கொடுத்தார்கள்.

ஆனால், அந்த நோபல் வருஷத்தில் அவர் செய்த இன்னொரு காரியம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதைச் சொல்ல 1921-க்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் ஈஸ்ட், தசை, கல்லீரல் ஆகியவற்றிலிருந்து கந்தகம் உள்ள ஒரு சின்ன மூலக்கூறைப் பிரித்தெடுத்தார். ஆக்சிஜனிடம் எலெக்ட்ரானைக் கொடுப்பதும், திரும்ப வாங்கிக்கொள்வதுமாக இருந்தது அது. இதற்கு முன்பே, 1888-ல், ஃபிரான்ஸின் ரே-பையாட் ஈஸ்ட்டில் இப்படி ஒன்றைப் பார்த்து ஃபிலோதயோன் என்று பெயரிட்டிருந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. ஹாப்கின்ஸ் அந்தப் பழைய பெயரின் வாலை விட்டுவிடாமல் சேர்த்துக்கொண்டு குளூட்டாதயோன் என்று வைத்தார். குளூட்டாமிக் அமிலம், சிஸ்டீன் என ரெண்டு அமினோ அமிலங்கள் சேர்ந்தது என்று எழுதினார்.

தப்பு. 1927-ல் கனடாவின் டொரன்டோவில் ஹன்ட்டரும் ஈகிள்ஸும் கணக்கு உதைக்கிறது என்று எழுதினார்கள். அப்போது ஹாப்கின்ஸ் யார்? சர் பட்டம் வாங்கியவர். ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் வாங்கியவர். கேம்பிரிட்ஜில் அவருக்காகவே கட்டியதுபோல ஒரு பெரிய உயிர்வேதியியல் கட்டடம் 1924-ல் திறக்கப்பட்டிருந்தது. வயது 66. சின்னப் பசங்க ஏதோ சொல்றாங்க என்று தட்டிக்கழித்திருக்கலாம். அவர் மறுபடி லேபுக்குள் போனார். முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்து, குளூட்டாதயோனைப் படிகமாகவே பிரித்தெடுத்தார். 1929-ல் மறு ஆய்வு என்றே தலைப்பில் போட்டு, தான் முன்பு சொன்னது சரியில்லை, மூன்றாவதாக கிளைசின் என்ற அமினோ அமிலமும் அதில் இருக்கிறது என்று வெளியிட்டார். அதே சமயத்தில் அமெரிக்காவில் கெண்டலும் தனியாக இதையே கண்டார். உலகமே ஹாப்கின்ஸுக்கு மாலை போட்ட வருஷம் அது. அந்த வருஷத்தில்தான் தன் தவற்றை அவரே அச்சில் ஏற்றினார்.

அந்தக் கந்தகம் என்ன செய்கிறது?

நம் செல்களில் ஒரு காவல்படை இருக்கிறது. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ், குளூட்டாதயோன் ரிடக்டேஸ் என்று பெயர்கள் வாயில் நுழையாது, வேலை மட்டும் அபாரம். ஒரே ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு ஒரு விநாடியில் பல லட்சம் பெராக்சைடு மூலக்கூறுகளை உடைத்துத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் மாற்றிவிடும். ஆனால், இந்த நொதிகளும் புரதம்தானே? அக்ரோலின், மீத்தைல்கிளையாக்ஸால் மாதிரி ஆட்கள் அவற்றின் மேலும் போய் ஒட்டிக்கொள்வார்கள். கந்தகம் உள்ள சிஸ்டீன், அப்புறம் லைசின், ஆர்ஜினின், ஹிஸ்டிடின் ஆகிய இடங்கள்தான் குறி. சாவித் துவாரத்தில் பபிள்கம் ஒட்டியதுபோல நொதியின் வேலை செய்கிற இடம் அடைபட்டால், அது மந்தமாகும் அல்லது நின்றே போகும். ஆய்வகத்தில் இந்த நொதிகள் பலவற்றை மீத்தைல்கிளையாக்ஸாலோடு சேர்த்து வைத்துப் பார்த்து, அவற்றின் திறன் இறங்குவதை அளந்திருக்கிறார்கள்.

அடுத்து நடப்பதுதான் கொடுமை. நொதி மந்தமானால் பெராக்சைடு தேங்கும். தேங்கிய பெராக்சைடு செல் சவ்வில் உள்ள கொழுப்பைக் கெடுக்கும். கெட்ட கொழுப்பு உடைந்து என்ன ஆகும்? இன்னும் கொஞ்சம் ஆல்டிஹைடு. அது இன்னும் கொஞ்சம் நொதியைப் பிடிக்கும்.

இதற்குக் குறுக்கே நிற்பதுதான் ஹாப்கின்ஸின் குளூட்டாதயோன். நொதியின் கந்தகத்தைப் பிடிக்க வரும் கார்போனிலுக்குத் தன் கந்தகத்தை நீட்டிவிடும். அக்ரோலினைப் பிடித்தால் அதோடு சேர்ந்து தானும் சிறுநீர் வழியே வெளியேறிவிடும். அந்தக் குளூட்டாதயோன் காலி, செல் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். மீத்தைல்கிளையாக்ஸால் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். கிளையாக்ஸலேஸ் என்ற நொதிகள் அதை லாக்டிக் அமிலமாக மாற்றிவிட்டு குளூட்டாதயோனை முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிடும். இந்த வேலைக்குக் குளூட்டாதயோன் கட்டாயம் தேவை என்று 1932-ல் ஜெர்மனியின் லோமன் காட்டினார், ஹாப்கின்ஸ் உயிரோடு இருக்கும்போதே. தசையில் லாக்டிக் அமிலம் உருவாவதே இந்த வழியில்தான் என்று அன்று பலரும் நம்பினார்கள். பிறகு முக்கிய வழி வேறு என்று தெரிந்ததும், கிளையாக்ஸலேஸ் எதற்காக உடம்பில் இருக்கிறது என்பதே பல வருஷம் புதிராகிப்போனது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கார்போனில் கொஞ்சமாக வந்தால் உடம்பு அதை அலாரமாக எடுத்துக்கொள்ளும். கீப்-1 என்ற புரதத்தின் கந்தகத்தில் அது பட்டதும், காவல் நொதிகளையும் குளூட்டாதயோனையும் கூடுதலாகத் தயாரிக்கச் சொல்லி ஜீன்களுக்கு ஆர்டர் போகும். அதனால் ஒருநாள் பஜ்ஜி சாப்பிட்டதற்கெல்லாம் பதற வேண்டாம். தினமும் சிகரெட், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய், கட்டுக்குள் வராத சுகர் என்று வரத்து நிற்காமல் இருக்கும்போதுதான் கையிருப்பு கரைகிறது.

தன் லேபை ஹாப்கின்ஸ் நடத்திய விதம் தனிக்கதை. பெண்கள் ஆராய்ச்சிக்கு வந்தால் கதவைச் சாத்துகிற காலத்தில் அவர் இடம் கொடுத்தார். அங்கே வேலை பார்த்த மார்ஜரி ஸ்டீஃபன்சன், 1945-ல் ராயல் சொசைட்டியில் சேர்க்கப்பட்ட முதல் ரெண்டு பெண்களில் ஒருவர். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் கொடுத்ததே 1948-ல்தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து யூத விஞ்ஞானிகளை வேலையிலிருந்து துரத்தியபோது, ஹான்ஸ் கிரெப்ஸும் எர்ன்ஸ்ட் செயினும் ஹாப்கின்ஸிடம் வந்து சேர்ந்தார்கள். பிளஸ் டூ பயாலஜியில் உங்களைப் படுத்திய கிரெப்ஸ் சுழற்சியின் கிரெப்ஸ்தான் அவர். செயின் பின்னாளில் பென்சிலினுக்காக நோபல் வாங்கியவர்.

பேராசிரியர் பதவியிலிருந்து 1943-ல் ஓய்வு பெற்றபோது ஹாப்கின்ஸுக்கு 82 வயது. 1947 மே 16 அன்று கேம்பிரிட்ஜில் காலமானார்.

இப்போது அந்த லிங்க்.

மாத்திரையாக விழுங்கும் குளூட்டாதயோனில் பெரும்பகுதி, குடலிலேயே ஹாப்கின்ஸ் 1929-ல் எண்ணிச் சொன்ன அதே மூணு அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். அந்த மூன்றையும் முட்டை, மீன், பருப்பு, பயறு வகைகளிலிருந்தே உடம்பு எடுத்துக்கொண்டு தனக்கு வேண்டிய குளூட்டாதயோனைச் செய்துகொள்கிறது. நிறம் மாறும் என்பதற்கு நடந்தவை சின்னச் சின்ன ஆய்வுகள்தான். நிரந்தரமாக மாறும் என்பதற்கு வலுவான சான்று இல்லை.

டிரிப், ஊசி என்றால் விஷயம் சீரியஸ். நிறம் மாற்றுவதற்கென்று எந்த ஊசிக்கும் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி கொடுக்கவில்லை. இந்த ஊசி மோகம் தலைவிரித்தாடிய பிலிப்பைன்ஸில் கல்லீரல், சிறுநீரகம், நரம்பு மண்டலம் பாதிக்கப்படலாம், சருமமே உரிந்துபோகும் கடுமையான ஒவ்வாமைகூட வரலாம் என்று அரசே எச்சரித்திருக்கிறது.

குளூட்டாதயோன் நிஜமாகவே உயிரைக் காப்பாற்றுகிற இடம் எது தெரியுமா? எமர்ஜென்சி வார்டு. பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டால் அதிலிருந்து உருவாகும் ஒரு நச்சு, கல்லீரலின் குளூட்டாதயோன் கையிருப்பை மொத்தமாகத் தின்று தீர்த்துவிடும். அங்கே டாக்டர்கள் குளூட்டாதயோன் டிரிப் போடுவதில்லை. அதைச் செய்ய உடம்புக்குத் தேவைப்படும் மூலப்பொருளான சிஸ்டீனைத் தரும் அசிட்டைல்சிஸ்டீன் மருந்தைத்தான் ஏற்றுகிறார்கள். சில மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால் கல்லீரல் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

உங்கள் தோழி ஏற்கெனவே ரெண்டு டிரிப் போட்டுக்கொண்டுவிட்டார் என்றால், திட்ட வேண்டாம். அடுத்ததை நிறுத்தச் சொல்லுங்கள். போட்ட மருந்தின் அட்டையையோ பாட்டிலையோ போட்டோ எடுத்துக்கொண்டு ஒரு சரும மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லீரல், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தப் பரிசோதனை தேவையா என்பதை அவர் சொல்லிவிடுவார்.